ஜான் போஸ்டல் போட்ட வழி

கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் விதிகள் ஆர்.எஃப்.சி. என்ற ஆவணங்களில் இருக்கின்றன. அவற்றின் ஆசிரியராக இருந்தவர் ஜான் போஸ்டல். 1943-இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். சுமார் 28 ஆண்டுகள் அப்பணியைச் சுமந்தார். வெளியான ஆவணத்தின் பொருள் மாறாது. திருத்தம் புது எண்ணில் வரும். எதை எது நீக்கியது என்பதைப் பட்டியல் சொல்லும். 1998 அக்டோபர் 16-இல் மறைந்தார்.

பேட்டையில் உட்கார்ந்து செமினாருக்காக, அவர் 1981-இல் தொகுத்த டி.சி.பி. ஆவணம் 793-ஐ உருப்போட்டேன். 2022-இல் 9293 அதை நீக்கிவிட்டது. 793-க்குள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பட்டியலைப் பார்த்ததால் தப்பித்தேன். அவர் போய்விட்டார், அந்த வழிகாட்டிக் கை இன்னும் இருக்கு. நம்ம ரெக்கார்டு நோட்டிலும் திருத்தினால், எந்தப் பக்கத்தில் என்று எழுதி வைப்போமே!