அருவியை வைத்து ஆலை ஓட்டிய ஆண்ட்ரூ ஹார்வி

திருநெல்வேலியிலிருந்து பேட்டை வழியாக மேற்கே போகும் சாலை, சேரன்மாதேவி, அம்பாசமுத்திரம் ஆகிய ஊர்களைத் தாண்டி, சுமார் 30 மைல் தொலைவில் பாபநாசத்தை அடைகிறது. தாமிரபரணி அங்கே மலையிலிருந்து அருவியாக விழுகிறது. பக்தர்களுக்கு அது பாவம் போக்கும் தீர்த்தம். ஆண்ட்ரூ ஹார்விக்கோ அது சம்பளம் கேட்காத எஞ்சின்!

ஆண்ட்ரூ ஸ்காட்லாந்துக்காரர். சகோதரர் பிராங்க்குடன் சேர்ந்து 1883-இல் ஏ. அண்ட் எப். ஹார்வி கம்பெனியைத் தொடங்கினார். அந்நாளில் கரிசல் காட்டுப் பருத்தி தூத்துக்குடியில் கப்பல் ஏறிச் சீமைக்குப் போகும். அங்கே நூலாகித் திரும்பி வரும். இங்கேயே நூற்றால் என்ன என்று சகோதரர்கள் எண்ணினார்கள்.

ஆலை ஓட நீராவி வேண்டும். நீராவிக்கு நிலக்கரி வேண்டும். நெல்லைச் சீமையில் நிலக்கரி ஏது? அதனால்தான் அருவியைத் தேடிப் போனார்கள். பாபநாசத்துக்குக் கீழே, விக்கிரமசிங்கபுரத்தில், 1880-களில் திருநெல்வேலி மில் எழுந்தது.

அருவிக்கு மேலேயே ஆற்று நீரைப் பிரித்து, உயரத்திலிருந்து வேகமாக இறக்கினார்கள். அந்த வேகத்தில் சக்கரம் சுழன்றது. சக்கரத்தின் சுழற்சி கதிர்களைச் சுழற்றியது, பஞ்சு நூலாயிற்று. வேலை முடித்த தண்ணீர் மறுபடியும் ஆற்றுக்கே போயிற்று. ஆலை எடுத்துக்கொண்டது வேகத்தை மட்டுமே. அதே நீர் கீழே அணைக்கட்டுகளில் தேங்கி, கால்வாய்களில் ஓடி, நெல் வயல்களுக்கும் பாய்ந்தது.

வசதி சும்மா வரவில்லை. அம்பாசமுத்திரம் பக்கம் ரயில் வந்ததே 1900-க்குப் பிறகுதான். அதுவரை பஞ்சும் நூலும் மாட்டு வண்டியில்தான் போய்வர வேண்டும். கோடையில் ஆறு மெலிந்தால் சக்கரத்துக்கும் பலம் குறையும்.

ஆனாலும் தொழில் வளர்ந்தது. தூத்துக்குடியில் கோரல் மில், 1892-இல் மதுரை மில் என்று ஆலைகள் பெருகின. லாபமும் பெருகியது. தொழிலாளிக்கு மட்டும் கூலி குறைவு, வேலை நேரம் அதிகம், ஓய்வு நாளும் இல்லை. ஓடும் நீரின் பலத்தை அளந்தவர்கள், உழைக்கும் மனிதனின் களைப்பை அளக்கவில்லை.

1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். ஒன்பதே நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தது. அடுத்த மாதமே இருவரையும் அரசாங்கம் கைது செய்தது.

பாபநாசத்தில் 1944-இல் அரசாங்கமே மின்சார நிலையம் அமைத்தது. மதுரை மில் 1974-இல் மதுரா கோட்ஸ் ஆயிற்று. ஹார்வி என்ற பெயரோ, திருப்பரங்குன்றம் பக்கத்தில் ஹார்விபட்டி என்ற ஊராக நிற்கிறது.