தமிழகத்தின் பேசாப் பட முன்னோடி: ஆர். நடராச முதலியார்

திரைக்கலை இன்று தமிழர் வாழ்வில் பெற்றிருக்கும் இடத்தை அனைவரும் அறிவோம். ஆயினும், தமிழ் மண்ணில் அதற்கு முதல் வித்திட்ட பெருமகனாரை அறிந்தோர் சிலரே. அவர்தாம் ஆர். நடராச முதலியார்.

1885 ஆம் ஆண்டு வேலூரில் பிறந்த அவர், சென்னையில் மோட்டார் வண்டிகளும் உதிரி உறுப்புகளும் விற்கும் வணிகராகச் செழித்து வாழ்ந்தார். மும்பையில் தாதா சாகிப் பால்கே 1913 இல் வெளியிட்ட 'ராஜா ஹரிச்சந்திரா' நாடெங்கும் புதிய ஆர்வத்தைக் கிளப்பிய காலம் அது. முதலியாரும் படம் எடுக்க விழைந்தார். அக்கலையைக் கற்பிக்கும் பள்ளி ஏதும் அன்று இல்லை. ஆதலின் புனே நகர் சென்று, ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கில ஒளிப்பதிவாளரிடம் படக்கருவியை இயக்கும் முறையைப் பயின்று திரும்பினார்.

1917 இல் சென்னைப் புரசைவாக்கத்து மில்லர் சாலையில், 'இந்தியா பிலிம் கம்பெனி' என்னும் பெயரில் படப்பிடிப்பு நிலையம் ஒன்றை நிறுவினார். தென்னிந்தியாவின் முதல் படப்பிடிப்பு நிலையம் அதுவே. மின்விளக்குகளின் துணையின்றிக் கதிரவன் ஒளியிலேயே காட்சிகள் பதிவாயின. படச்சுருளைக் கழுவும் பணி பெங்களூரில் நடைபெற்றது.

அங்கு உருவான முதற்படம் 'கீசக வதம்'. முதற்படத்திற்கு இக்கதை ஏற்றதன்று என உறவினர் சிலர் தடுத்தனர். நாடகப் பேராசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரின் ஊக்குவிப்பால் அவர் உறுதி தளராது நின்றார். பேச்சொலி இல்லாத அப்படத்தில், கதையை விளக்கும் எழுத்துகள் காட்சிகளுக்கிடையே தோன்றின. இந்தி எழுத்துகளை எழுதி உதவியவர் காந்தியடிகளின் மைந்தர் தேவதாஸ் காந்தி. படமும் வெற்றி கண்டது. 'திரௌபதி வஸ்திராபகரணம்', 'லவ குசா', 'மார்க்கண்டேயா' முதலிய படங்கள் தொடர்ந்தன.

எனினும், காலம் அவருக்குக் கருணை காட்டவில்லை. நிலையம் தீக்கிரையாயிற்று. அருமை மகனையும் அவர் இழந்தார். உள்ளம் உடைந்த முதலியார் 1923 இல் திரைத்தொழிலை அறவே துறந்தார். 1931 இல் தமிழ்ப்படம் பேசத் தொடங்கியபோது, அதற்குப் பாதை வகுத்தவர் ஒதுங்கியே வாழ்ந்தார்.

அக்காலப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டு வகையைச் சார்ந்தவை. பாதுகாப்பின்றிப் போட்டுவைத்தால் தாமே சிதைந்தழியும். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964 இல் தோன்றியபோது முதலியார் உயிருடன் இருந்தார். அவர் எடுத்த படங்களோ எஞ்சவில்லை. பால்கேயின் முதற்படத்தில் ஒரு பகுதியேனும் கிடைத்துள்ளது. நடராச முதலியாரின் படங்களுள் ஒன்றைக்கூட இன்று நாம் காண இயலாது. 1971 இல் அவர் மறைந்தார்.

ஓலைச்சுவடிகளைச் செல்லுக்கும் நெருப்புக்கும் பறிகொடுத்து வருந்தியவர் நாம். அச்சுவடிகளுக்கு நேர்ந்ததே இப்படச்சுருள்களுக்கும் நேர்ந்தது. நம் ஊர்களில் எஞ்சியிருக்கும் பழைய ஒளிப்படங்களையும், துண்டு விளம்பரங்களையும், இசைத்தட்டுகளையும் தேடிக் காப்பதை இளைய தலைமுறை தன் கடமையாக மேற்கொள்ளுமாயின், அம்முன்னோடிக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே ஆகும்.