கோயம்புத்தூர் தாயி

கோயம்புத்தூர் தாயி (1872 – 1917) தமிழ்நாட்டைச் சேர்ந்த கருநாடக இசைப் பாடகி ஆவார். இவரது இயற்பெயர் பழனிகுஞ்சரம். கிராமபோன் இசைத்தட்டுகளில் பாடிய தென்னிந்தியாவின் தொடக்ககாலக் கலைஞர்களுள் ஒருவர். இவரது குரலை இன்று அந்த இசைத்தட்டுகளின் வழியாக மட்டுமே கேட்க இயலும். எனவே அவற்றைச் சரியான வேகத்தில் சுழற்றுவது இவரது சுருதியை அறிய இன்றியமையாததாகும்.

வாழ்க்கை

தாயி தேவதாசி மரபில் பிறந்தவர். இளமையில் நடனம் பயின்ற இவர், பின்னர் இசையில் முழுமையாக ஈடுபட்டுச் சென்னையில் புகழ் பெற்றார். கீர்த்தனைகளுடன் இராமலிங்க அடிகளின் திருவருட்பாப் பாடல்களையும் பாடினார். 1917ஆம் ஆண்டு காலமானார்.

இசைத்தட்டுகள்

கிராமபோன் நிறுவனத்தார் 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் இந்தியாவின் முதல் ஒலிப்பதிவுகளைச் செய்தனர். அதன்பின் சில ஆண்டுகளில் தாயியின் பாடல்கள் பதிவாயின. அக்காலத்தில் ஒலிவாங்கி இல்லை. பாடகர் ஒரு கூம்புக் குழலின் முன் உரக்கப் பாட, அந்த அதிர்வு மெழுகுத் தட்டில் நேரடியாகப் பொறிக்கப்பட்டது. தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடங்களே அடங்கும். ஆலாபனை, பாடல் அனைத்தையும் அதற்குள் முடிக்க வேண்டியிருந்தது. மின்முறைப் பதிவு 1925இல்தான் வந்தது என்பதால், தாயியின் பதிவுகள் அனைத்தும் குழல்முறையில் அமைந்தவை.

மேற்கில் தாக்கம்

ராவெலின் மாணவரான பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் டெலாஜ் 1912இல் இந்தியாவில் பயணம் செய்தார். தாயி பாடிய திருவருட்பா இசைத்தட்டு ஒன்றை அடிப்படையாகக் கொண்டு ராகமாலிகா என்னும் படைப்பைக் குரலுக்கும் பியானோவுக்குமாக அமைத்தார். இந்திய இசைக்கருவியின் நாதத்தைப் பெற, பியானோவின் ஒரு தந்தியின் அடியில் அட்டைத் துண்டு வைக்குமாறு அதில் குறித்திருந்தது குறிப்பிடத்தக்கது.

சுழல்வேகமும் சுருதியும்

நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பின்னாளில் நிலைபெற்ற அளவாகும். தொடக்ககாலத் தட்டுகள் பல அதைவிடக் குறைவாகவோ கூடுதலாகவோ சுழன்ற நிலையில் பதிவு செய்யப்பட்டவை. வேகம் ஏறத்தாழ 6 விழுக்காடு மாறினால் சுருதி அரைக் கட்டை மாறிவிடும். எடுத்துக்காட்டாக, 74 சுற்றில் பதிவான தட்டை 78 சுற்றில் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை உயரும். மூன்று நிமிடம் இருபது நொடிப் பாடல் பத்து நொடி முன்னதாகவே முடிந்துவிடும். கேட்பவர் பாடகியின் குரலையும் காலப்பிரமாணத்தையும் தவறாக மதிப்பிட நேரும். எனவே ஒரு தட்டின் வேகத்தை முடிவு செய்வோர், பாடகரின் வழக்கமான சுருதியையும் குரலின் இயல்பையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர்.

அவ்வாறு முடிவு செய்த வேகத்தைக் கருவியும் காக்க வேண்டும். பெல்ட்டால் இயங்கும் டர்ன்டேபிளில், மோட்டாரின் சுழற்சியை ஒரு ரப்பர்ப் பட்டை தட்டுக்குக் கடத்துகிறது. அது நாள்பட்டு நெகிழ்ந்தாலும், அதில் எண்ணெய்ப் பசை படிந்தாலும் வழுக்கி வேகம் குறையும். பட்டையையும் கப்பியையும் துடைத்து வைத்தல், தளர்ந்த பட்டையை மாற்றுதல், நடு அச்சுக்கு எண்ணெய் இடுதல் ஆகியவை அடிப்படைப் பராமரிப்புகளாகும்.

வேகத்தைச் சரிபார்க்கக் கோடிட்ட வட்டு ஒன்று பயன்படுகிறது. இந்தியாவின் 50 ஹெர்ட்சு மின்சாரத்தில் எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். அவ்வொளியில் 77 கோடுகள் கொண்ட வட்டு அசையாது நிற்பதாகத் தோன்றினால் வேகம் 77.92 சுற்றாகும். கோடுகள் பின்னோக்கி நகர்ந்தால் வேகம் குறைவு. முன்னோக்கி நகர்ந்தால் மிகுதி. மினுக்கமற்ற எல்இடி விளக்குகள் இச்சோதனைக்கு உதவா.