சிந்தாமணி ரகுநாதாச்சாரி

சிந்தாமணி ரகுநாதாச்சாரி (இறப்பு: 1880) 19ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய இந்திய வானியலாளர் ஆவார். மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர் என்பதற்காகவே பெரிதும் அறியப்படுகிறார். எனினும், வானியலைப் பொதுமக்களிடம் அவர்களது மொழிகளிலேயே கொண்டு சேர்க்க முயன்ற முன்னோடி என்பதே இவரது கூடுதல் சிறப்பு எனலாம்.

வானாய்வகப் பணி

இவர் பஞ்சாங்கம் கணிக்கும் மரபுடைய குடும்பத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே நுங்கம்பாக்கத்தில் அமைந்திருந்த சென்னை வானாய்வகத்தில் சேர்ந்து, பின்னர் அங்கு முதல் உதவியாளர் நிலைக்கு உயர்ந்தார். 1861 முதல் நார்மன் போக்சன் அதன் தலைவராக இருந்தார். விண்மீன் பட்டியலுக்காக ஒவ்வொரு விண்மீனும் உச்சிவட்டத்தைக் கடக்கும் நேரத்தையும் அதன் உயரத்தையும் இரவுதோறும் குறித்துக்கொள்வது இவரது முதன்மைப் பணி. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் ஒரு விண்மீன் முன்பு குறித்த ஒளியில் இல்லை என்பது இத்தகைய வேலையில்தான் கண்ணில் படும்.

அவ்வாறே 1867இல் ரெட்டிக்குலம் என்னும் தென்வான் விண்மீன் குழுவில் ஆர் ரெட்டிகுலி ஒளிமாறும் விண்மீன் எனக் கண்டறிந்தார். ஏறத்தாழ 278 நாட்களுக்கு ஒருமுறை இது பிரகாசமடைந்து மங்குகிறது. உச்ச ஒளியில் இருகண்ணோக்கிக்கு எட்டும்; மங்கும்போது நல்ல தொலைநோக்கிக்கும் கடினம். சென்னையில் தென் அடிவானத்திலிருந்து சுமார் 14 பாகைக்கு மேல் இது உயர்வதில்லை. பூம்புகார் போன்ற காவிரிக் கழிமுகக் கடற்கரை ஊர்களில் சுமார் 16 பாகை உயரும். டிசம்பர், சனவரி மாதங்களில் தெற்கே விளக்கொளி இல்லாத இடத்தில் தேடுவோருக்கு இன்றும் இது நல்ல இலக்கு.

1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அத்தகுதியைப் பெற்ற முதல் இந்தியர்களுள் இவரும் ஒருவர்.

வெள்ளி இடைநகர்வு நூல்

1874 டிசம்பர் 9 அன்று காலை ஏழு மணிக்குப் பின் தொடங்கி நண்பகலுக்குச் சற்று முன்பு வரை வெள்ளிக்கோள் சூரிய வட்டின் மீது சிறு கரும்புள்ளியாக நகர்ந்து சென்றது. வெவ்வேறு இடங்களிலிருந்து இதன் நேரத்தை அளந்து சூரியனின் தொலைவைக் கணக்கிட அறிஞர்கள் முற்பட்டனர். இதற்கு முந்தைய இடைநகர்வுகள் 1761, 1769 ஆண்டுகளில் நிகழ்ந்தன. பூம்புகாருக்குத் தெற்கே சிறிது தொலைவிலுள்ள தரங்கம்பாடியிலும் 1761 நிகழ்வு கவனிக்கப்பட்டது. ஆனால் அவற்றைக் கண்டவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர். ரகுநாதாச்சாரி இந்நிலையை மாற்ற எண்ணினார்.

நிகழ்வுக்கு முன்னரே ஆங்கிலம், கன்னடம், உருது உள்ளிட்ட மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். உரையாடல் வடிவில், பழைய சித்தாந்த முறையில் பயின்றவர் எழுப்பக்கூடிய ஐயங்களுக்கு விடையளிக்கும் வகையில் அது அமைந்தது. அதே ஆண்டு சென்னையில் நிகழ்த்திய சொற்பொழிவில், இந்தியர்கள் நடத்தும் நவீன வானாய்வகம் வேண்டுமென்றும் அதற்குச் செல்வர்கள் பொருளுதவி செய்ய வேண்டுமென்றும் கோரினார். இக்கோரிக்கை நிறைவேறவில்லை. தொலைநோக்கிகள் இறக்குமதியாகவே கிடைத்த காலம் அது. கண்ணாடியைத் தாமே தேய்த்துத் தொலைநோக்கி செய்யும் பொழுதுபோக்கு 1920களில்தான் அமெரிக்காவில் பரவலாயிற்று. விசாகப்பட்டினத்தில் குடும்ப வானாய்வகமும் 6 அங்குலத் தொலைநோக்கியும் வைத்திருந்த அங்கிதம் வெங்கட நரசிங்க ராவ் போன்ற வசதி படைத்தோர் மிகச் சிலரே. அவர் 1874 இடைநகர்வைத் தம் இல்லத்திலிருந்தே அளந்தார். சென்னையில் மேகமூட்டம் இடையூறாயிற்று.

பஞ்சாங்கச் சீர்திருத்தம்

பழைய வாக்கியக் கணிதம் வானில் காணும் நிலையிலிருந்து விலகியிருப்பதைத் தம் அளவீடுகளால் நன்கறிந்திருந்த இவர், நவீனக் கணக்கீட்டை அடிப்படையாகக் கொண்டு திருக்கணித பஞ்சாங்கத்தை வெளியிட்டார். கிரகணம் எப்போது தொடங்கும் என்பதை எவரும் கண்ணால் சரிபார்க்கலாம் என்பதால் இது வெறும் ஏட்டுச் சர்ச்சையாக இருக்கவில்லை. பஞ்சாங்கம் கணிப்போரின் மதிப்பையும் வழிபாட்டு நாட்களையும் அது தொட்டது. எதிர்ப்பு இருந்ததில் வியப்பில்லை. வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2023 சனவரி 17 அன்று நிகழ்ந்தது. காவிரிக் கழிமுகப் பகுதியிலுள்ள திருநள்ளாற்றில் வாக்கிய முறைப்படி 2023 டிசம்பர் 20 அன்று கொண்டாடப்பட்டது. பூம்புகாரை அடுத்த திருவெண்காடு புதனுக்கும், கஞ்சனூர் வெள்ளிக்கும் உரிய தலங்களாகப் போற்றப்படும் இப்பகுதியில், அவ்விரு கோள்களும் சூரியனைக் கடப்பது பற்றி அறிந்தோர் குறைவு என்பது விந்தையே.

இறப்பும் பின்னரும்

ரகுநாதாச்சாரி 1880 பிப்ரவரியில் காலமானார். 1882இல் நிகழ்ந்த அடுத்த வெள்ளி இடைநகர்வைக் காண அவர் இல்லை. சென்னை வானாய்வகத்தின் வானியல் பணிகள் 1899இல் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டன. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் ஒன்று, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறிக்கப்பட்ட எழுத்துகளுடன் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. 2004, 2012 ஆண்டுகளில் வெள்ளி மீண்டும் சூரியனைக் கடந்தது. அடுத்த இடைநகர்வு 2117 டிசம்பரில் நிகழும்.