நாற்பத்திரண்டாம் எண்: ஜாக்கி ராபின்சன்

நுழையும்முன்

ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படிக்கும்போது அவர் வாழ்ந்த காலத்தின் கடைத்தெருவையும் பயணத்தையும் பொழுதுபோக்கையும் சேர்த்தே அறிகிறோம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் ஒரு பொருளின் விலை எல்லார்க்கும் ஒன்றாகவே இருந்தது. ஆனால், அவ்விலையைக் கொடுத்தவர்க்குக் கிடைத்த மதிப்பு ஒன்றாக இல்லை. அந்த வேறுபாட்டை மட்டையும் பந்தும் கொண்டு எதிர்த்து நின்ற ஒருவரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒரே விலை, வேறு இருக்கை

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அமெரிக்கா செல்வம் பெருகும் நாடாக மாறத் தொடங்கியது. 1947ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் சுரங்க இரயிலில் ஐந்து சென்ட் கொடுத்து நெடுந்தொலைவு செல்ல முடிந்தது. ஒரு புட்டி கோகோ கோலாவின் விலையும் ஐந்து சென்ட்தான். மூன்று சென்ட் அஞ்சல்தலை ஒட்டினால் கடிதம் ஊர்போய்ச் சேரும். நூறு சென்ட் கொண்டது ஒரு டாலர். சட்டம் வரையறுத்த குறைந்த அளவு கூலி மணிக்கு 40 சென்ட். நடுத்தரக் குடும்பம் ஒன்றின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 3,000 டாலர்.

அந்நாளில் மக்களை ஒன்றுசேர்த்த பெரும் பொழுதுபோக்கு அடிபந்தாட்டம் எனப்படும் பேஸ்பால். பந்தை மட்டையால் அடித்துவிட்டு, நான்கு தளங்களையும் சுற்றி ஓடிவந்து ஓட்டம் எடுப்பது அவ்விளையாட்டு. கோடைக்காலம் முழுவதும் வீடுகளிலும் முடிதிருத்தகங்களிலும் உணவகங்களிலும் வானொலி அதன் வருணனையை ஒலித்துக்கொண்டிருந்தது.

இந்த வாழ்வின் ஊடே ஒரு கோடு ஓடியது. தென் மாநிலங்களில் பேருந்தில் கறுப்பினத்தவர் பின்னிருக்கையில்தான் அமரவேண்டும். கடையில் பொருள் வாங்கலாம். அதே கடையின் உணவு மேசையில் அமர்ந்து உண்ண முடியாது. வட மாநிலங்களில் சட்டம் இவ்வாறு கூறாவிடினும் வழக்கம் கூறியது. நியூயார்க்கிற்கு அருகில் 1947இல் உருவான லெவிட்டவுன் குடியிருப்பில் புதிய வீடுகள் 1949ஆம் ஆண்டில் 7,990 டாலருக்கு விற்கப்பட்டன. ஆனால், அக்குடியிருப்பில் கறுப்பினக் குடும்பங்களுக்கு இடமளிக்கப்படவில்லை. பேஸ்பாலின் உயர்நிலை அணிகளிலும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாகக் கறுப்பின வீரர் எவரும் இடம்பெறவில்லை. எழுதப்படாத அந்த விதியை முறித்தவர் ஜாக்கி ராபின்சன்.

இளமைக்காலம்

ஜாக்கி ராபின்சன் 1919ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தின் கெய்ரோ என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் பிறர் நிலத்தில் வாரத்திற்குப் பயிரிட்டு வாழ்ந்தவர்கள். ஐந்து குழந்தைகளுள் இவரே கடைசி. தந்தை குடும்பத்தை விட்டுப் பிரிந்தபின், தாய் மாலி 1920இல் குழந்தைகளுடன் கலிபோர்னியாவின் பசடேனா நகருக்குக் குடிபெயர்ந்தார். வீட்டுவேலைகள் செய்து பிள்ளைகளை வளர்த்தார். வெள்ளையர் மிகுந்த தெருவில் வீடு வாங்கிய அக்குடும்பத்தை வெளியேற்ற அண்டை வீட்டார் சிலர் முயன்றனர். மாலி அசையவில்லை.

அந்நகரின் பொது நீச்சல்குளத்தில் கறுப்பினச் சிறுவர்க்கு வாரத்தில் ஒரு நாள் மட்டுமே இடமளிக்கப்பட்டது. ராபின்சனின் அண்ணன் மேக், 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெசி ஓவன்சுக்கு அடுத்ததாக வந்து வெள்ளிப்பதக்கம் வென்றவர். அப்பதக்க வீரருக்குப் பின்னாளில் பசடேனாவில் கிடைத்த வேலை தெருக்கூட்டுவதுதான். திறமை மட்டும் ஒருவரை உயர்த்திவிடாது என்னும் உண்மையை ராபின்சன் தம் வீட்டிலேயே கண்டார்.

லாஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, தடகளம், பேஸ்பால் ஆகிய நான்கிலும் பல்கலைக்கழக அணிக்காக ஆடிச் சிறப்புப் பெற்றார். இப்பெருமையை அங்கு முதன்முதலில் பெற்றவர் அவரே.

இரு பேருந்துப் பயணங்கள்

1942இல் இராணுவத்தில் சேர்ந்த ராபின்சன், அடுத்த ஆண்டு இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். 1944ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் டெக்சாசிலுள்ள ஹூட் முகாமில் பேருந்தில் சென்றபோது, பின்னிருக்கைக்குச் செல்லுமாறு ஓட்டுநர் கூறினார். ராபின்சன் மறுத்தார். அம்மறுப்பு இராணுவ நீதிமன்ற விசாரணை வரை சென்றது. விசாரணையின் முடிவில் அவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார்.

போர் முடியும் தறுவாயில், கறுப்பின வீரர்க்கெனத் தனியாக நடைபெற்ற போட்டிகளில் கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்காகத் திங்களுக்கு 400 டாலர் ஊதியத்தில் ஆடினார். 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அவரை அழைத்துப் பேசினார். உரையாடல் ஏறத்தாழ மூன்று மணிநேரம் நீடித்தது. களத்திலும் விடுதியிலும் நேரக்கூடிய இழிசொற்களை ரிக்கி தாமே நடித்துக் காட்டினார். திருப்பித் தாக்காமலிருக்கும் துணிவு உடைய வீரர் தமக்குத் தேவை என்பதை உணர்த்தினார். ராபின்சன் ஒரு முறை கைநீட்டினாலும், கறுப்பினத்தவர்க்குப் பக்குவமில்லை என்று கூறிக் கதவை மீண்டும் அடைத்துவிட எதிர்ப்பாளர்கள் காத்திருந்தனர். ராபின்சன் உறுதியளித்தார். 3,500 டாலர் முன்தொகை, திங்களுக்கு 600 டாலர் ஊதியம் என ஒப்பந்தம் உருவாயிற்று. அவரை இழந்த மோனார்க்ஸ் அணிக்கு இழப்பீடு எதுவும் வழங்கப்படவில்லை.

அவ்வுறுதிமொழியின் கடுமை விரைவில் தெரிந்தது. 1946ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரேச்சலை மணந்த ராபின்சன், பயிற்சிக்காக மனைவியுடன் புளோரிடாவிற்குப் புறப்பட்டார். வழியில் அவர்கள் விமானத்திலிருந்து இறக்கப்பட்டு, அவர்களுடைய இடங்கள் பிறர்க்குத் தரப்பட்டன. பின்னர் ஏறிய பேருந்தில் பின்னிருக்கைக்குச் செல்லுமாறு ஓட்டுநர் ஆணையிட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சீருடையுடன் மறுத்து நின்றவர், இம்முறை எழுந்து பின்னே சென்று அமர்ந்தார். அருகில் ரேச்சல் இருளில் கண்ணீர் வடித்தார். முதற்பயணத்தில் அவர் காத்தது தம் உரிமையை. இரண்டாம் பயணத்தில் அவர் காத்தது தமக்குப் பின்னால் வரவேண்டியவர்களின் வாய்ப்பை. பணிந்து சென்ற அந்தப் பயணமே அவருக்கு மிகுந்த வலியைத் தந்தது.

1947: களத்தில் தனிமை

டாட்ஜர்ஸ் அமைப்பின் இளநிலை அணியான மான்ட்ரியல் ராயல்சில் 1946இல் ஆடிய ராபின்சன், மட்டைவீச்சில் அந்தப் போட்டித் தொடரின் முதலிடத்தைப் பெற்றார். கனடா நாட்டின் மான்ட்ரியல் மக்கள் அவரைத் தம்மவராகக் கொண்டாடினர்.

1947ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் புரூக்ளினின் எபெட்ஸ் களத்தில் 42 என்னும் எண் பொறித்த சட்டையுடன் அவர் உயர்நிலைப் போட்டியில் இறங்கினார். அன்று கூடியிருந்த இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோருள் பாதிக்கு மேற்பட்டவர்கள் கறுப்பினத்தவர். அவ்வாண்டு அவருக்கு வழங்கப்பட்ட ஊதியம் 5,000 டாலர். அது நடுத்தரக் குடும்பத்தின் வருமானத்தைவிடக் கூடுதல். எனினும், அணியினர் தங்கிய சில விடுதிகளில் அவருக்கு இடமில்லை. கையில் காசு இருந்தும் அறை கிடைக்காத நிலையில் அவர் வேறிடம் தேடவேண்டியிருந்தது.

சொந்த அணியிலேயே சிலர் அவருடன் ஆட மறுத்து மனு எழுத முற்பட்டனர். பிலடெல்பியா அணியின் மேலாளரும் வீரர்களும் களத்தின் ஓரத்திலிருந்து தொடர்ந்து வசைபாடினர். கொலைமிரட்டல் கடிதங்கள் வந்தன. பந்து அவருடைய உடலைக் குறிவைத்து வீசப்பட்டது. எதிரணி வீரரின் முட்காலணி அவருடைய காலை மிதித்தது. அவர் திருப்பி ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்த தளத்தை நோக்கி ஓடுவதே அவருடைய விடையாக இருந்தது. எதிரணி சற்றே அயரும் நொடியில் தளத்தைக் கைப்பற்றும் கலையில் அவ்வாண்டு 29 முறை வென்று முதலிடம் பெற்றார். ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதும் அவரைச் சேர்ந்தது. அவருடைய ஆட்டத்தைக் காண அவ்வாண்டு எபெட்ஸ் களத்திற்கு 18 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். வசைபாடியவர்களைக் கண்டு வெகுண்ட சக வீரர்கள் மெல்ல மெல்ல அவர் பக்கம் சேர்ந்தனர்.

மக்கள் மனத்தில்

1949இல் ராபின்சன் அமைதிக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டார். நடுவரின் தவறான முடிவை எதிர்த்துப் பிற வீரர்களைப் போலவே வாதிட்டார். அவ்வாண்டு மட்டைவீச்சில் முதலிடமும், தொடரின் மிகச் சிறந்த வீரர் விருதும் பெற்றார். அவரைப் பற்றிய பாடல் ஒன்று இசைத்தட்டாக வெளிவந்து மக்களிடையே பரவியது. 1950இல் அவருடைய வாழ்க்கை திரைப்படமானபோது, தம் பாத்திரத்தில் அவரே நடித்தார். சிறுவர் வாங்கிய சூயிங்கம் உறையில் அவருடைய படஅட்டை இருந்தது. சில்லறைக் காசுக்குக் கிடைத்த சித்திரக்கதைப் புத்தகத்திலும் அவரே நாயகர். ஒரு கறுப்பினத்தவரின் படத்தை வெள்ளையினச் சிறுவன் விரும்பிச் சேர்த்து வைத்தது அமெரிக்க அன்றாட வாழ்வில் புதுமையான மாற்றம்.

ஆயினும், புகழும் பணமும் எல்லாக் கதவுகளையும் திறக்கவில்லை. 1950களின் நடுவில் ராபின்சனும் ரேச்சலும் வீடு தேடியபோது, கேட்ட விலையைக் கொடுக்க முன்வந்தும் பலவிடங்களில் மறுக்கப்பட்டனர். நண்பர்களின் துணையால்தான் கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாம்போர்டு நகரில் அவர்கள் குடியேற முடிந்தது.

களத்திற்கு வெளியே

1955இல் டாட்ஜர்ஸ் அணி உலகத் தொடரை முதன்முதலாக வென்றது. அடுத்த ஆண்டின் ஆட்டங்களோடு ராபின்சன் விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றார். பின்னர், நியூயார்க்கில் காபிக் கடைகள் பலவற்றை நடத்திய நிறுவனம் ஒன்றில் பணியாளர் நலத்திற்குப் பொறுப்பான துணைத்தலைவரானார். 1960இல் கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர் நால்வர் கடையொன்றின் உணவு மேசையில் அமர்ந்து அறப்போராட்டம் தொடங்கினர். உரிமைக்காகப் போராடிய மாணவர்களுக்கு ராபின்சன் நிதி திரட்டி உதவினார். சிறைப்பட்ட போராட்டக்காரர்களைப் பிணையில் மீட்பதற்காக 1963இல் தம் வீட்டுப் புல்வெளியில் ஜாஸ் இசை நிகழ்ச்சி நடத்தினார். அவ்வாண்டு நடைபெற்ற வாஷிங்டன் பேரணியிலும் கலந்துகொண்டார். கறுப்பினத்தவர்க்குக் கடன் வழங்க வங்கிகள் தயங்கிய காலத்தில், 1964இல் ஹார்லெம் பகுதியில் சுதந்திர தேசிய வங்கி தொடங்கப்படுவதற்குத் துணைநின்றார். 1962இல் பேஸ்பால் புகழரங்கில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்னும் பெருமையும் அவருக்குக் கிட்டியது.

இறுதி ஆண்டுகள் துயரம் நிறைந்தவை. நீரிழிவு அவருடைய பார்வையைப் பெரிதும் பறித்தது. 1971இல் மூத்த மகன் சாலை விபத்தில் இறந்தார். 1972ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் உலகத் தொடரின்போது பாராட்டப்பட்ட ராபின்சன், நன்றி கூறியதோடு நிற்கவில்லை. கறுப்பினத்தவர் ஒருவர் அணி மேலாளராக வருவதைக் காணும் நாளுக்காகத் தாம் காத்திருப்பதை அவையினர் முன் வெளிப்படையாகக் கூறினார். ஒன்பது நாள்களுக்குப் பின், அக்டோபர் 24ஆம் நாள் தம் 53ஆம் வயதில் காலமானார். அவர் விரும்பிய அந்நாள் 1975இல் வந்தது.

நிறைவாக

1997இல் உயர்நிலை அணிகள் அனைத்தும் 42ஆம் எண்ணைப் புதிய வீரர்க்கு வழங்குவதை நிறுத்தி அவரைப் போற்றின. இன்று ஏப்ரல் 15ஆம் நாளில் அனைத்து வீரர்களும் அதே எண்ணை அணிந்து ஆடுகின்றனர். ஒரு காலத்தில் தனியொருவர் முதுகில் சுமந்த எண், இன்று எல்லார் முதுகிலும் விளங்குகிறது.

பொறுமை என்பது அநீதியை ஏற்றுக்கொள்வது அன்று என்பதை ராபின்சனின் வாழ்வு தெளிவாக்குகிறது. அவர் மறுத்து நின்றதும் பொறுத்துச் சென்றதும் ஒரே நோக்கத்திற்காகவே. ஒரே விலை கொடுப்பவர் அனைவர்க்கும் ஒரே மதிப்புக் கிடைக்கவேண்டும் என்பதே அந்நோக்கம். அந்நோக்கத்தைக் காக்கும் கடமை இன்று நம் ஒவ்வொருவர்க்கும் உண்டு.