பிராங்க் ஹோர்ன்பி

பிராங்க் ஹோர்ன்பி (மே 15, 1863 - செப்டம்பர் 21, 1936) இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த பொம்மைக் கண்டுபிடிப்பாளரும் தொழிலதிபரும் அரசியல்வாதியும் ஆவார். மெக்கானோ கட்டுமானத் தொகுதி, ஹோர்ன்பி தொடர்வண்டிகள், டிங்கி டாய்ஸ் எனப்படும் வார்ப்பு உலோகப் பொம்மைக் கார்கள் ஆகியன இவரது நிறுவனத்தின் படைப்புகள்.

வாழ்க்கை

உணவுப்பொருள் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர் 16 வயதில் பள்ளியை விட்டு, தந்தையின் கடையில் காசாளராகச் சேர்ந்தார். 1887 இல் ஆசிரியையான கிளாராவை மணந்தார். 1899 இல் தந்தை இறந்த பின்னர் டேவிட் எலியட் என்ற இறைச்சி இறக்குமதியாளரிடம் கணக்கராகப் பணியாற்றினார். பொறியியற் கல்வி எதுவும் இவர் பெற்றிருக்கவில்லை.

தம் பிள்ளைகளுக்காக உலோகத் தகடுகளை வெட்டிப் பொம்மைகள் செய்தபோது, ஒரு பொம்மைக்கான உறுப்பு மற்றொன்றுக்குப் பயன்படாதது இவரை உறுத்தியது. எல்லாப் பட்டைகளிலும் அரை அங்குல இடைவெளியில் துளையிட்டால், அதே உறுப்புகளைத் திருகாணியால் இணைத்துப் பாலமாகவும் பாரந்தூக்கியாகவும் மாற்றிக் கட்டலாம். எலியட்டிடம் 5 பவுண் கடன் பெற்று, 1901 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மெக்கானோ என்ற பெயர் 1907 இல் பதிவானது. 1908 இல் நிறுவனமும், 1914 இல் லிவர்பூலின் பின்சு சாலையில் தொழிற்சாலையும் அமைந்தன. 1920 இல் சுருள்வில்லால் ஓடும் தொடர்வண்டிகள் வெளிவந்தன. 1931 முதல் 1935 வரை எவர்ட்டன் தொகுதியின் பழமைவாதக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

பொம்மைக் கார்கள்

டிங்கி கார்கள் தனித் திட்டமாகத் தோன்றியவை அல்ல. தொடர்வண்டி நிலையத்தின் அருகே நிறுத்தி வைப்பதற்கான துணைப் பொருள்களாகவே 1933 இறுதியில் ஆறு வண்டிகள் விற்பனைக்கு வந்தன: இரு விளையாட்டுக் கார்கள், ஒரு சரக்குந்து, ஒரு விநியோக வண்டி, ஓர் உழவு இயந்திரம், ஒரு பீரங்கி வண்டி. டிங்கி டாய்ஸ் என்ற பெயர் 1934 இல் சூட்டப்பட்டது. நீரிழிவும் இதய நோயும் கொண்டிருந்த ஹோர்ன்பி 1936 இல் மறைந்தார். எனவே பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் போட்டியிட்டு வாங்கிய இப்பொம்மைகளின் தொடக்க ஆண்டுகளை மட்டுமே இவர் கண்டார்.

சேகரிப்பும் மதிப்பீடும்

முதல் வண்டிகளுக்கு ஈயக் கலவை பயன்பட்டது; விரைவில் துத்தநாகக் கலவை அதன் இடத்தைப் பிடித்தது. உருக்கிய துத்தநாகம் எஃகு அச்சினுள் அழுத்தத்துடன் செலுத்தப்படுவதால் நுணுக்கமான விவரங்களும் தெளிவாகப் பதியும். ஆனால் அதில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டாலும் உலோகம் உள்ளிருந்து அரிக்கப்பட்டு, வீங்கி, வெடித்து, நாளடைவில் உதிர்ந்துவிடும். ஈரமும் வெப்பமும் இதை விரைவுபடுத்தும். இதற்கு மருந்து கிடையாது. ஒருநாளும் விளையாடப்படாத போருக்கு முந்தைய கார் ஒன்று இழுப்பறைக்குள்ளேயே சிதைந்துபோவது இதனாலேயே.

ஆகவே மதிப்பிடுபவர் வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் அடிப்பகுதியிலும் சக்கரங்களிலும் மயிரிழை விரிசல் உள்ளதா என்று பார்ப்பார். சக்கரக் குடம் வழவழப்பாக இருந்தால் போருக்கு முந்தையது எனவும், புடைப்பு வளையம் இருந்தால் பிந்தையது எனவும் பொதுவாகக் கொள்வர். சிதைந்த சக்கரங்களுக்குப் பதிலாகப் புதியவை பொருத்தப்பட்டிருக்கக்கூடும் என்பதால் இந்த அடையாளத்தை மட்டும் நம்புதல் ஆகாது. மறுவண்ணம் பூசிய கார், எவ்வளவு அழகாக இருந்தாலும், வண்ணம் உதிர்ந்த அசல் காரைவிடக் குறைந்த விலைக்கே பெரும்பாலும் போகும். பெட்டி இருந்தால் மதிப்பு உயரும். ஆயினும் 1930களில் பெரும்பாலான கார்கள் கடைக்காரருக்கான கூட்டுப் பெட்டிகளிலேயே வந்தன. தனிப் பெட்டி 1950களில்தான் பரவலானது. அதனால் தொடக்கக் காலக் கார் பெட்டியின்றிக் கிடைப்பது குறையன்று. வணிக நிறுவனங்களின் விளம்பரம் தாங்கிய விநியோக வண்டிகளையே சேகரிப்பாளர் மிகவும் தேடுகின்றனர்.

மெக்கானோ நிறுவனம் 1964 இல் லைன்சு பிரதர்சு நிறுவனத்தின் கைக்கு மாறியது. பின்சு சாலைத் தொழிற்சாலை 1979 இல் மூடப்பட்டது.