பனிவெளியில் துயிலும் பேரறிஞர்

உலகத் தீவுகளுள் மிகப் பெரியது வடதுருவத்தை அடுத்துள்ள கிரீன்லாந்து. அதன் பெரும்பகுதியை உறைபனி ஆண்டு முழுதும் மூடியிருக்கும். அங்கு நிலவும் கடுங்குளிரையும் பனிப்புயலையும் அளந்தறிய முயன்று உயிர் நீத்தவர் ஆல்பிரட் வெக்னர்.

இவர் 1880ஆம் ஆண்டு பெர்லின் நகரிற் பிறந்தார். 1906இல் தம் தமையனாருடன் பலூனில் ஏறி, 52 மணி நேரத்திற்கு மேல் வானிலேயே தங்கினார். கண்டங்கள் இடம்பெயர்கின்றன என்னும் கொள்கையை 1912இல் வெளியிட்டவரும் இவரே.

மும்முறை கிரீன்லாந்து சென்று மீண்ட வெக்னர், 1930இல் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தார். மேலைக் கடற்கரையிலும் கீழைக் கடற்கரையிலும் பனிவெளியின் நடுவிலும் மூன்று நிலையங்கள் அமைத்து, ஓராண்டு வானிலையைக் குறித்து வருதல் வேண்டும் என்பதே அத்திட்டம். நடுநிலையம் மேலைக்கரையிலிருந்து 400 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் அமைந்தது. குளிர்காலம் தொடங்குமுன் உணவும் எரிபொருளும் அங்குச் சேர்தல் இன்றியமையாதது.

ஆயின், கடலிற் கிடந்த பனிப்பாளங்கள் ஆறு வாரம் வழிமறித்தன. பொறிவண்டிகளும் பனியிற் பயன்படவில்லை. நடுநிலையத்திலிருந்த கியார்கி, சோர்கே என்னும் இருவரும், அக்டோபர் 20ஆம் நாளுக்குள் பொருள்கள் வாராவிடின் நிலையத்தைக் கைவிட்டு நடந்தே திரும்புவதாக எழுதியனுப்பினர். அவ்வாறு திரும்பின் அவர் உயிருக்கு இடர் நேரும், ஆராய்ச்சியும் அழியும். ஆதலின் வெக்னர் தாமே புறப்பட்டார்.

செப்டம்பர் 21ஆம் நாள், லோவே என்னும் அறிஞரும் கிரீன்லாந்து மக்கள் பதின்மூவரும் உடன்வர, நாய்கள் பூட்டிய 15 சறுக்குவண்டிகள் கிளம்பின. குளிர் மிகுந்ததால் பன்னிருவர் இடைவழியிலேயே திரும்பினர். ராஸ்முஸ் வில்லும்சன் என்னும் இளைஞர் ஒருவரே இறுதிவரை உடன் சென்றார். சுமைகளுட் பெரும்பாலன வழியிலேயே விடப்பட்டன. அக்டோபர் 30ஆம் நாள் மூவரும் நடுநிலையத்தை அடைந்தனர். லோவேயின் கால்விரல்கள் உறைந்து கெட்டிருந்தன.

அங்கிருந்த இருவரோ, உள்ளதைக் கொண்டே குளிர்காலத்தைக் கழிக்க முன்னரே துணிந்திருந்தனர். இருந்த உணவு ஐவருக்குப் போதாது. எனவே லோவேயை அங்கு நிறுத்திவிட்டு, தம் ஐம்பதாம் பிறந்த நாளாகிய நவம்பர் முதல் நாளன்று, வெக்னர் வில்லும்சனுடன் கரைநோக்கிப் புறப்பட்டார். இருவரும் கரை சேரவில்லை. 1931ஆம் ஆண்டு மே மாதம் தேடிச் சென்றோர் வெக்னரின் உடலைப் பனியுட் கண்டனர். வில்லும்சன் அதனைத் துணியிற் பொதிந்து முறையாக அடக்கம் செய்து, பனிச்சறுக்குக் கட்டைகளை அடையாளமாக நட்டிருந்தார். அவ்விளைஞரின் உடல் கிடைக்கவே இல்லை.

நடுநிலையத்தில் இருந்தோர் பனியைக் குடைந்தமைத்த அறையுள் வாழ்ந்து, நாள்தோறும் வானிலையைக் குறித்துவந்தனர். கிரீன்லாந்தின் நடுப்பகுதியில் ஓராண்டுக் காலநிலை எத்தகையது என்பதை உலகம் அக்குறிப்புகளாலேயே முதன்முதலாக அறிந்தது. திட்டம் நிறைவேறியது, அதனை வகுத்தவர் பனியிடையே துயில்கின்றார். அவருடன் இறுதிவரை நடந்த வில்லும்சனின் பெயரும் மறத்தற்குரியதன்று.